ஷட்டர் போய் பைபர் கதவு வந்தது: மண்டபம் பக்கத்துக் கார் ஷெட் வேலை

எங்கள் வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. வடக்கே போனால் பாக் விரிகுடா, தெற்கே போனால் மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்றுதான் சொல்வோம். நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிற பகுதி என்பதால் வாடை (வடகிழக்குக் காற்று) அடித்தால் வடகடல் உப்பு வீட்டுக்கு வரும், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் உப்பு வரும். கார் ஷெட் வடக்கு பார்த்தது. அதில் இருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ரோலிங் ஷட்டரைக் கழற்றிவிட்டு இப்போது பைபர் (கண்ணாடி இழை) கதவு மாட்டியிருக்கிறோம். எதையெல்லாம் விசாரித்து ஏன் விட்டோம், கதவை எப்படிச் செய்தோம் என்று எழுதி வைக்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி வீடு கட்டுகிற எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு.

புதுக் கதவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், பழையதை உப்பு எங்கே தின்றிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஷட்டர்காரர் வந்து மேலே இருந்த சுருள் ஸ்பிரிங்கின் முறுக்கைத் தளர்த்திக் கொடுத்தார். அந்த வேலையை மட்டும் யாரும் தாங்களே செய்ய வேண்டாம், முறுக்கேறிய ஸ்பிரிங் கையை உடைத்துவிடும். அப்புறம் ஷட்டரைத் தரையில் விரித்துப் போட்டுப் பார்த்தேன்.

வெளிப்பக்கம், இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, பெயின்ட் வெளிறியிருந்ததே தவிர தகடு உறுதியாகத்தான் இருந்தது. சன்ஷேடுக்கு அடியில் ஒளிந்திருந்த மேல் பட்டைகள் போய்விட்டன. ஒரு பட்டை அடுத்த பட்டையைக் கவ்விப் பிடிக்கிற மடிப்புகள் போய்விட்டன. இரண்டு ஓரத்திலும் சேனலுக்குள் ஓடுகிற முனைகள், தரையைத் தொடும் அடி ஆங்கிள், எல்லாம் போச்சு. உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மோசம். ஒரு மடிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். முதலில் வெள்ளைப் பொடி கொட்டியது, அது துத்தநாகம் கரைந்த மிச்சம். அதற்கு அடியில் செம்பழுப்புத் துரு, வேஃபர் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக. நகத்தால் கீறினாலே ஏடு ஏடாக வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, மடிப்புக்குள் மட்டும் விரலில் ஈரம் பிசுபிசுத்தது. ஸ்பிரிங்கில் ஒன்று எப்போதோ முறிந்திருந்தது. ஷட்டரைத் தூக்க ஏன் இரண்டு ஆள் தேவைப்பட்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மழை நனைத்த இடம் பிழைத்துக்கொண்டது, மழை படாத இடம் செத்தது. இது தலைகீழாகத் தோன்றலாம். காற்றில் வரும் உப்புத்தூள் முகப்பிலும் படிகிறது, மறைவிலும் படிகிறது. முகப்பில் படிந்ததை மழை கழுவிவிடுகிறது. மறைவில் படிந்தது அங்கேயே சேர்ந்துகொண்டே போகிறது. நம் மாவட்டத்துக்கு மழை என்பதே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். மீதி மாதங்களில் முகப்பையும் கழுவ ஆள் கிடையாது. அதோடு, உப்பு கரைந்து வேலையைக் காட்ட மழையே வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோரத்தில் 33 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கும் நேரம் எத்தனை இருக்கும்? ஆக, உப்பு படிந்த மடிப்பு பகலிலும் முழுசாகக் காய்வதில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துத் துருச் சோதனை செய்ய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எனவே கதவு விசாரிக்கும்போது என்ன உலோகம், எத்தனை கேஜ் (தகட்டின் கனம்) என்பதை இரண்டாவதாகத்தான் கேட்டேன். உப்பு போய் ஒளிந்துகொள்ள இதில் எத்தனை சந்து இருக்கிறது என்பதே முதல் கேள்வி. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ரிவெட் அடித்து இணைத்த இரும்பு, தகடுகளுக்கு நடுவே சந்து உண்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங்கில் முடித்து, மேலே பாலிசிலாக்சேன் என்கிற துருத்தடுப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பாலத்துக்கு யோசித்ததை நான் கார் ஷெட்டுக்கு யோசித்தேன், அவ்வளவுதான்.

முதலில் மறுபடியும் ஜி.ஐ. ஷட்டரே போடலாமா என்று கணக்குப் பார்த்தேன். விலை குறைவு, இரண்டே நாளில் மாட்டிவிடுவார்கள், பக்கத்து டவுனிலேயே ஆள் கிடைக்கும். கால்வனைஸ் தகட்டில் எத்தனை துத்தநாகம் இருக்கிறது என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். 275 என்றால் நல்ல பூச்சு. ஆனால் அது இரண்டு பக்கமும் சேர்ந்த எடை. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 19 மைக்ரான்தான் வரும் (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 120 கிராம் தகடு என்றால் எட்டரை மைக்ரான்கூட வராது. கடுமையான கடலோரக் காற்றை சி-5 என்று ஐ.எஸ்.ஓ. தரவரிசையில் வகைப்படுத்துகிறார்கள். அந்த வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். வகுத்துப் பார்த்தால் 275 கிராம் பூச்சே இரண்டேகால் வருடத்திலிருந்து நாலரை வருடத்துக்குள் தீர்ந்துபோகும். 120 கிராம் இரண்டு வருடம் தாங்கினால் அதிகம். அதற்கு மேல் வெறும் இரும்புதான். கடையில் தகடு எத்தனை கேஜ் என்று கேட்டால் சட்டென்று சொல்கிறார்கள், துத்தநாகம் எத்தனை கிராம் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். தகடு கனமாக இருந்தால் துரு ஓட்டை போட நாளாகும், அவ்வளவே.

இரும்பு ஆங்கிள் ஃபிரேமில் தகடு அடித்த இரட்டைக் கதவு இன்னொரு வழி. செய்து முடித்த கதவை முழுசாகத் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தால் ஆங்கிளின் கனத்தைப் பொறுத்து 70, 80 மைக்ரான் வரை பூச்சு ஏறும், அது பேசத்தக்க கனம். ஆனால் எட்டடிக் கதவை முக்குகிற தொட்டிக்கு வண்டி வைத்து வெளியூர் கொண்டுபோக வேண்டும். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். முக்காமல் வெறும் ரெட் ஆக்சைடு அடித்து மாட்டினால், வருடாவருடம் சுரண்டி அடிக்கிற வேலை என் தலையில் விழும். வேண்டாம்.

அலுமினிய ஷட்டர் மீது வெகுநாள் ஆசை இருந்தது. பார்க்க அழகு, எடை குறைவு, செந்துரு பிடிக்காது. ஆனால் அலுமினியமும் கடலோரத்தில் சும்மா இருப்பதில்லை. உப்பு தேங்கிய இடத்தில் வெள்ளைப் பொடி கக்கிக் குழி குழியாக அரிக்கும். பவுடர் கோட்டிங் இருந்தால், வெட்டிய விளிம்பிலும் துளை போட்ட இடத்திலும் பூச்சுக்கு அடியில் நூல் நூலாக அரிப்பு ஓடும். எவர்சில்வர் திருகை நேரடியாக அலுமினியத்தில் முறுக்கினால், உப்பு ஈரத்தில் இரண்டும் மின்கலம் போல் வேலை செய்து அலுமினியம்தான் பலியாகும். நடுவில் நைலான் வாஷர் வைக்க வேண்டும். ஈரச் சிமென்ட் பட்டாலும் அலுமினியம் அரிக்கும் என்பதால் பூச்சு வேலைக்கு முன்னால் மாட்டக்கூடாது. இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். என்னை நிறுத்தியது வேறு: பட்டைதான் அலுமினியம், மேலே பெட்டிக்குள் இருக்கும் குழாயும் ஸ்பிரிங்கும் அதே இரும்பு. மழை எட்டாத அந்தப் பெட்டிதான் பழைய ஷட்டரில் முதலில் செத்த இடம். மடிப்புகளும் அப்படியே இருக்கின்றன. மோட்டார் வைத்தால் அதுவும் அந்தப் பெட்டிக்குள்தான் போகும்.

மரம் பற்றி வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அம்மாவுக்கு மரக்கதவுதான் வேண்டும். கீழக்கரைப் பழைய வீடுகளின் கதவைப் பாரு, எத்தனை தலைமுறை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மரத்தை உப்பு ஒன்றும் செய்யாது. மரத்தில் அடித்த இரும்பாணியைத்தான் உப்பு தின்னும், துருவேறிய ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் மக்க வைக்கும். நம் பக்கத்தில் வைரம் பாய்ந்த பனை கைமரத்துக்கு உசத்தி, ஆனால் அகலப் பலகை அதில் கிடைக்காது. வேம்பு கிடைக்கும், பூச்சி அவ்வளவாக அண்டாது, ஆனால் கோடையில் சுருங்கி வாடையில் உப்பிக்கொள்ளும். எட்டடி வாசலில் அரை அங்குலம் விளையாடினால் தாழ்ப்பாள் பொருந்தாது. தேக்கு நிற்கும். அதன் விலையைக் கேட்டதும் அம்மாவே பேச்சை விட்டுவிட்டார்.

யூ.பி.வி.சி. என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலுக்குச் சரி. இவ்வளவு பெரிய கதவுக்கு உள்ளே இரும்புக் குழாய் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள், ஆக மறுபடியும் இரும்பு. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை பெரிய அளவில் கனம், வெயிலில் தொய்யும். இரண்டையும் அதிகம் விசாரிக்கவில்லை.

சரி, பைபருக்கு எப்படி வந்தேன்? அதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. கரையில் போய் நின்றால் போதும். நாட்டுப்படகு பெரும்பாலும் இப்போது பைபர்தான், மர வள்ளத்துக்கு மேலேயும் பைபர் போர்த்திவிடுகிறார்கள். ஓட்டை விழுந்தால் அங்கேயே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் (பிசின்) தடவி ஒட்டிவிட்டு மறுநாள் கடலுக்குப் போகிறார்கள். கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும்தான் பொருள். இரண்டுக்கும் உப்பு ஒரு பொருட்டே இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, மூலை முடுக்கு இல்லாமல் ஒரே தோலாகப் போர்த்திவிடலாம் என்பது. படகு வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். “தம்பி, கடல்ல கெடந்து அடிபடுறதுக்கே இதான் போடுறோம். ஒன் கதவு சும்மா நிக்கத்தானே போகுது?” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “ஆனா காத்து புடிக்கும்யா, கீலை நீ நல்லாப் போட்டுக்க. அது என் வேலை இல்ல” என்றும் சொன்னார். அவர் சொன்ன அந்த இரண்டாவது பேச்சுதான் பின்னால் பாதி வேலையாக இருந்தது.

வாசல் எட்டடி அகலம், ஏழரை அடி உயரம். இரட்டைக் கதவு என்றால் ஒன்றுக்கு நாலடி. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்றிலேயே ஒரு கதவு வந்துவிடும், ஒட்டு இல்லை. 19 மில்லி மரைன் பிளைவுட் வாங்கினோம். ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 303 முத்திரை சாதாரண வேலைக்கானது, கடையில் இரண்டையும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றே கொடுப்பார்கள். இந்தப் பலகைதான் உள்ளே எலும்பு. மேலே இரண்டு பக்கமும் பைபர். ஃபிரேம் கிடையாது, சட்டம் கிடையாது, ஆணி கிடையாது.

வேலையை மாசிக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். வாடை ஓய்ந்து கச்சான் எழாத இடைவெளி அது. காற்றடிக்கும் மாதத்தில் செய்தால் ஈர ரெசினில் மணல் வந்து ஒட்டும். காலையில் பனி ஈரம் போன பிறகு ஆரம்பித்து, உச்சிவெயிலுக்கு முன் நிறுத்திவிடுவார் அண்ணன். வெயிலேறினால் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும்.

முதலில் பலகையின் நாலு விளிம்பையும் இழைத்து உருட்டினார். கூர்மையான விளிம்பில் மேட் படியாது, தூக்கிக்கொண்டு உள்ளே காற்றை அடைத்துவிடும். பிற்பாடு தண்ணீர் நுழைவது அங்கேதான். கட்டைவிரல் தடவினால் எங்கும் இடறக்கூடாது என்பது அவர் கணக்கு. அடுத்து முரட்டு உப்புத்தாளால் பலகை முழுக்கத் தேய்த்துத் தூசியைத் துடைத்து, ஸ்டைரீன் விட்டு இளக்கிய ரெசினை ஒரு பூச்சு. அது மரத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள மரத்தில் இந்தப் பிடிப்பு சரியாக வராது, பிளைவுட்டில் நன்றாக வந்தது.

அதன் மேல் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட். ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டரை கிலோ அளவில் ரெசின் குடிக்கும். பிரஷ்ஷால் தடவுவதைவிடக் குத்துவதுதான் அதிகம். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசின் ஊறியதும் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் பலகையின் ரேகை தெரியும். எங்காவது வெள்ளை மிச்சம் இருந்தால் அது காற்று. பள்ளம் வெட்டிய இரும்பு ரோலரை அதன் மேல் உருட்டினால் சின்னச் சின்னக் குமிழாகக் கிளம்பி ஓரத்துக்கு ஓடி உடையும். விளிம்பில் மேட்டை மடித்து மறுபக்கத்தில் நாலு விரல் அகலம் ஏற்றிவிட்டார், பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்து மேட்டை இதன் மேல் ஏற்றினார். நாலு விளிம்பிலும் அப்படி இரட்டைத் தோல்.

வெளிப்பக்கம் இரண்டு அடுக்கு, உள்பக்கம் ஒன்று போதாதா என்று கேட்டேன், செலவு மிச்சமாகுமே என்று. “ஒரு பக்கம் மட்டும் கனமாப் போட்டா காயிறப்ப ரெசின் இழுக்கும். பலகை வில்லா வளைஞ்சிரும் தம்பி” என்றார். இரண்டு பக்கமும் இரண்டு அடுக்காகவே போட்டோம். உள்பக்கம் குறுக்கே மூன்று இடத்தில் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து வைத்து அதன் மேல் மேட் போர்த்தினார். படகுக்குள் விலா எலும்பு போல ஓடுமே, அதே முறைதான். கதவை இப்போது உதைத்தாலும் அதிராது.

ஒரு எச்சரிக்கை. ரெசினை இறுக வைக்கக் கேட்டலிஸ்ட், வேகப்படுத்தக் கோபால்ட் என்று இரண்டு சேர்ப்பார்கள். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட்டை விட வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் பத்து முதல் இருபது மில்லி வரை. இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டு பாட்டிலையும் ஒரே இடத்தில்கூட வைக்கமாட்டார் அண்ணன். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கலக்க வேண்டும். காய்ந்த பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கு முகமூடி, முழுக்கைச் சட்டை. இல்லையென்றால் இரவு முழுக்கச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

கடைசியாக ஜெல்கோட், அதாவது நிறம் கலந்த ரெசின் மேல்பூச்சு. அச்சில் வார்க்கும்போது ஜெல்கோட் முதலில் போகும். இங்கே அச்சு இல்லாததால் மேலே பூசினோம். காற்றுப் படுகிற பக்கம் பாலியஸ்டர் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்த்தார். மெழுகு மேலே மிதந்து ஏடு கட்டிக் காற்றை அடைத்துவிடும். நிறம் வெள்ளை. வீட்டில் கடல்நீலம் கேட்டார்கள். அடர்நிறம் வெயிலில் சூடேறும், சீக்கிரம் சுண்ணாம்படித்தது போல் வெளிறும் என்று சொல்லி வெள்ளைக்கே நின்றேன். இன்னும் அந்தக் குறை வீட்டில் இருக்கிறது.

இனி துளைகள். பைபர் போர்த்திய பலகையில் கீலுக்குத் துளை போட்டால், போர்த்தியதன் பலன் அந்த இடத்தில் முடிந்தது. துளை வழியே ஈரம் பிளைவுட்டுக்குள் போனால் வெளியே தெரியாமல் உள்ளே மக்கும். படகுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி எளிது. பத்து மில்லி போல்ட்டுக்குப் பதினெட்டு மில்லியில் துளை போட்டு, நறுக்கிய இழை கலந்த ரெசினைத் திணித்து இறுகவிட்டு, அதன் நடுவில் மறுபடி பத்து மில்லித் துளை. போல்ட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாலு மில்லி ரெசின் சுவர். இரும்போ எவர்சில்வரோ மரத்தைத் தொடவே தொடாது. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு முறை வேலை, ஆள் சலித்துப்போவார். ஆனால் இந்தக் கதவில் ஒரு வேலையை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கீல் எவர்சில்வர். கடையில் எஸ்.எஸ். என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் 202 என்கிற ரகம், அது மண்டபம் காற்றில் சீக்கிரமே பழுப்புக் கட்டும். 304 அதைவிட மேல், ஆனாலும் டீக்கறை படிந்தது போல் ஆகிவிடும். 316இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடை எதிர்த்து நிற்பது அதுதான். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. இந்த மூன்றுமே காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. சோதனைத் திரவம் ஒரு துளி விட்டு, சிறு பேட்டரியைத் தொட வைத்தால் மாலிப்டினம் இருப்பதை நிறம் காட்டிக்கொடுக்கும். நான் மதுரையில் ஆறு மில்லி 316 தகடு வாங்கி, அங்கேயே பட்டறையில் கீலாக அடித்து வாங்கினேன். பட்டறையில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இரண்டு. வெல்டிங் கம்பியும் 316 வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண இரும்பு தேய்த்த கிரைண்டர் சக்கரத்தையோ இரும்புப் பிரஷ்ஷையோ அதில் தொடவிடக்கூடாது. இரும்புத்துகள் ஒட்டினால் துரு அங்கே ஆரம்பிக்கும். வெல்டிங் ஓரத்தில் படர்கிற நீலப் பழுப்பு நிறத்தை அமிலப் பசை தடவி எடுத்துவிடச் சொன்னேன். கீலின் அச்சுக்கு நைலான் புஷ், எண்ணெய் விட வேண்டியதில்லை.

ஒரு கதவு ஐம்பது கிலோவைத் தாண்டிவிட்டது. அதற்கு மூன்று கீல். செங்கல் சுவரில் மாட்டாமல் கான்கிரீட் தூணில் மாட்டினோம். துளைக்குள் விரிந்து பிடிக்கும் எக்ஸ்பேன்ஷன் போல்ட் அடித்தால் கான்கிரீட் விரிசல் விட்டு உள்ளே கம்பிக்கு உப்பு போக வழி கிடைக்கும் என்று, பசையால் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் வைத்தோம். துளையை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதி, பசையைப் பிதுக்கி, 316 மரைக்கம்பியைச் சுற்றிக்கொண்டே இறக்க வேண்டும். தூசி இருந்தால் பசை தூசியைப் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது.

காற்றைப் பற்றி அண்ணன் சொன்னது வாடையில் தெரிந்தது. வெளியே திறக்கிற கதவு பாதி திறந்த நிலையில் பாய்மரப் பாய் மாதிரி இழுக்கிறது. இரண்டு பக்கமும் தரையில் கான்கிரீட் கட்டை போட்டுக் கொக்கி வைத்தேன், திறந்தவுடன் முதல் வேலை அதில் மாட்டுவதுதான். மூடியபோது மேலும் கீழும் தாழ்ப்பாள். அடியில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறோம், மணல் சேர்ந்தால் கதவு உரசாமல் இருக்க. மழைச் சாரல் கொஞ்சம் உள்ளே வரும், வரட்டும்.

ஒரு வாடையும் ஒரு கச்சானும் போனபின் நிலவரம் இது. பலகை வளையவில்லை, விளிம்பில் எங்கும் தூக்கவில்லை. ஜெல்கோட்டின் பளபளப்பு மேல்பாதியில் லேசாக மங்கியிருக்கிறது, கார் மெழுகு போட்டால் திரும்புகிறது. ஒரு கீலின் வெல்டிங் ஓரத்தில் மட்டும் பழுப்பு தெரிந்தது, அமிலப் பசை சரியாகப் படாத இடமாக இருக்கும். துணியால் தேய்த்ததும் போய்விட்டது.

மழை இல்லாத மாதங்களில் கீலையும் தாழ்ப்பாளையும் கழுவிவிடுகிறோம். நம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் கரிப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிற கதைதான். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்காமல் இதற்குப் பயன்படுத்தலாமே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: உப்பையெல்லாம் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீர் அது, மெஷினுக்குள் போன நீரைவிட மோசம். காவிரிக் குடிநீர் வருகிற அன்று ஒரு வாளி எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பைபர் எரியும், கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். ஷெட்டுக்குள் வெல்டிங், அடுப்பு என்று வைத்திருப்பவர்கள் தீ தாங்கும் ரெசின் கிடைக்கிறதா என்று கேட்டுச் செய்வது நல்லது. செலவும் ஜி.ஐ. ஷட்டரைவிட அதிகம், அதில் பெரும்பங்கு கீலுக்கும் ஆங்கருக்கும்தான் போனது. வாசலுக்கு முன்னால் நாலடி காலி இடம் இல்லாதவர்களுக்கு இந்தக் கதவு ஆகாது. அவர்களுக்கு ஷட்டர்தான் வழி என்றால், 275 கிராம் தகடு கேளுங்கள், மாட்டும் முன்பே மடிப்புகளுக்குள்ளும் வெட்டிய முனைகளிலும் எபாக்சி பெயின்ட் இறங்கும்படி அடியுங்கள், மேல் பெட்டியைத் திறந்து கழுவும்படி மூடி வையுங்கள்.

இப்போதைக்குத் தொல்லை கொடுப்பது பூட்டு ஒன்றுதான். பித்தளைப் பூட்டு என்று வாங்கினேன், உடல் பித்தளைதான், வளையம் குரோம் பூசிய இரும்பு. வாடை முடிவதற்குள் வளையம் இறுகிவிட்டது. வளையமும் எவர்சில்வரில் வருகிற பூட்டு இருக்கிறதாம், ராமேஸ்வரத்தில் படகுச் சாமான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.